பிக்கப் வண்டியில் டீசல் ஏறவில்லையா? அறிகுறி வாரியாக ஃபீட் பம்ப் சோதனையும் மாற்றும் முறையும்

டேங்கில் இருக்கும் டீசலை இழுத்து, ஃபில்டர் வழியாக இன்ஜெக்ஷன் பம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது லிஃப்ட் பம்ப். மதுரை வட்டாரப் பட்டறைகளில் அதை ஃபீட் பம்ப் என்றே சொல்கிறோம். உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடிவதற்குள் மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றிவரும் பிக்கப் ஒன்று நடுவழியில் நின்றால், ஓட்டுநரின் முதல் தீர்ப்பு பெரும்பாலும் "ஃபீட் பம்ப் போயிருச்சு" என்பதாகவே இருக்கிறது. அப்படி என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பகுதியில் பம்பு நன்றாகவே இருந்தது. பம்புக்கு முன்னால் உள்ள பாதையில் காற்று நுழைந்திருக்கும், அல்லது அழுக்கு அடைத்திருக்கும். சில பத்து ரூபாய் வாஷரில் தீர வேண்டிய வேலைக்குப் புதுப் பம்பு வாங்கிப் போட்டு, மறுவாரமே அதே கோளாறோடு திரும்பிவருபவர்களைப் பார்த்துப் பார்த்து எழுதியது இது. ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத சோதனையை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அந்த வரிசையை மாற்றாமல் பாருங்கள்.

கை வைப்பதற்கு முன்: உங்கள் வண்டியில் எந்த வகை?

இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டிலோ இன்ஜெக்ஷன் பம்பின் உடலிலோ இரண்டு போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டு, மேலே கையால் அழுத்தும் குமிழ் அல்லது பக்கவாட்டில் சிறு நெம்பு உள்ளதாக இருந்தால் அது மெக்கானிக்கல் பம்ப். சேஸிஸ் ஓரத்தில் ஒயர் இணைப்போடு உருளையாக இருந்தாலோ, சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள்ளிருந்து சில வினாடிகள் 'உர்ர்' என்று சத்தம் வந்தாலோ அது எலக்ட்ரிக் பம்ப். இரண்டும் இல்லாமல், ஃபில்டர் தலையில் ஒரு கை பம்போ ஹோஸின் நடுவில் ஒரு ரப்பர் குமிழோ மட்டும் இருந்தால், டீசலை இழுக்கும் வேலையை ஹை பிரஷர் பம்புக்குள் (இவ்வகை வண்டியின் இன்ஜெக்ஷன் பம்ப் இதுதான்) இருக்கும் கியர் பம்பே செய்கிறது என்று பொருள். பல காமன் ரயில் வண்டிகள், அதாவது இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசில்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை உயர் அழுத்தத்தில் தேக்கிவைப்பவை, இந்த மூன்றாம் வகை. இவற்றில் தனியாக மாற்றுவதற்கு லிஃப்ட் பம்ப் என்று எதுவும் கிடையாது. ஆகவே கடையில் போய்ப் பணம் கொடுப்பதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே உள்ள காற்று, அடைப்புச் சோதனைகள் பெரும்பாலும் மூன்று வகைக்கும் பொருந்தும்; டேங்குக்குள்ளேயே எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டிக்கு மட்டும் குமிழ்ச் சோதனையும் கேன் சோதனையும் பொருந்தாது.

ஓர் எச்சரிக்கையை எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை மாசு விதி நடைமுறைக்கு வந்த பிறகு விற்ற டீசல் பிக்கப்களிலும், அதற்கு முந்தைய பல மாடல்களிலும் காமன் ரயில் அமைப்பு இருக்கிறது. அதில் ஹை பிரஷர் பம்புக்கும் நாசில்களுக்கும் இடையே ஓடும் இரும்புக் குழாய்களில் 1,000 பார் அழுத்தத்துக்கும் மேல் டீசல் நிற்கக்கூடும். பழைய வண்டியில் செய்வதுபோல அந்த நட்டுகளைத் தளர்த்தி ஏர் எடுக்க (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற) கூடாது. அங்கே ஒழுகுகிறதா என்று கைவைத்தும் பார்க்கக் கூடாது. அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே ஊசி குத்திய அளவே தெரியும். ஆனாலும் அது உடனடியாக அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம். இந்தக் கட்டுரையில் நாம் தொடும் பகுதி, டேங்கிலிருந்து ஹை பிரஷர் பம்பின் வாசல் வரை உள்ள குறைந்த அழுத்தப் பாதை மட்டுமே.

அறிகுறி 1: இரவு நின்ற வண்டி காலையில் எளிதில் பிடிக்கவில்லை, பிடித்த பிறகு நாள் முழுதும் தொல்லை இல்லை

பேட்டரியும் செல்ஃபும் நன்றாக இருந்து, கை பம்பைப் பல முறை அழுத்திய பிறகுதான் வண்டி பிடிக்கிறது என்றால், இரவில் குழாயில் இருந்த டீசல் டேங்குக்கு இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். டீசல் இறங்க வேண்டுமானால் அதன் இடத்துக்குக் காற்று வர வேண்டும். அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று தேடுவதே இங்கு வேலை.

*டேங்க் நிறைந்திருக்கும்போது தொல்லை இல்லை, கால் டேங்குக்குக் கீழே போனால்தான் வருகிறது:* டேங்குக்கும் பம்புக்கும் இடையில் காற்று நுழைகிறது என்பதற்கு இது தெளிவான குறி. இந்தப் பகுதியில் கசிவு இருந்தாலும் பெரும்பாலும் தரையில் ஒரு சொட்டுக்கூட விழாது. இன்ஜின் ஓடும்போது பம்பு உள்ளிழுத்துக்கொண்டே இருப்பதால், ஓட்டை வழியே டீசல் வெளியே வராமல் காற்றுதான் உள்ளே போகும். "ஒழுகல் எதுவும் இல்லையே" என்று இந்தப் பகுதியைப் பார்க்காமல் விடுவதால்தான் பம்பின் மேல் பழி விழுகிறது.

முதலில் ஹோஸ் கிளிப்புகளைக் கையால் திருகிப் பாருங்கள். திரும்பினால் இறுக்கம் போதவில்லை. ஹோஸ் முனைகளை வளைத்துப் பார்த்தால், சித்திரை வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் காய்ந்த ரப்பரில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். அந்த முனையை ஓரங்குலம் வெட்டிவிட்டு மாட்டினாலே சில வண்டிகள் சரியாகிவிடும். அடுத்து, குழாய் முனைகளைப் பிடிக்கும் துளை போல்ட்டுகளின் காப்பர் வாஷர்களைப் பாருங்கள். ஒருமுறை நசுங்கிய வாஷர் மறுமுறை சரியாக அமராது. ஃபில்டரைக் கழற்றும்போதெல்லாம் பழைய வாஷரையே திருப்பிப் போடும் வழக்கம் இந்தக் கோளாறின் தலையாய காரணங்களில் ஒன்று.

கண்ணுக்கு எதுவும் பிடிபடாவிட்டால், பம்புக்குள் போகும் ஹோஸில் ஓர் அடி நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் டியூபைத் தற்காலிகமாக இணைத்து இன்ஜினை ஓடவிடுங்கள். தொடக்கத்தில் சில குமிழ்கள் ஓடி மறைவது இயல்பு. இரண்டு நிமிடத்துக்குப் பிறகும் மணி கோத்ததுபோல் குமிழ் வரிசை வந்துகொண்டே இருந்தால் காற்று நுழைகிறது. பிறகு அதே டியூபை டேங்க் பக்கமாக ஒவ்வோர் இணைப்புக்கும் முன்னால் நகர்த்தி மாட்டுங்கள். குமிழ் வருவது எந்த இடத்தில் நின்றுபோகிறதோ, அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் ஓட்டை. சோதனை முடிந்ததும் டியூபைக் கழற்றி டீசலுக்கான ஹோஸையே போடுங்கள். டீசலிலும் சூட்டிலும் பிளாஸ்டிக் டியூப் விறைத்து வெடித்துவிடும். ஆகவே அப்படியே விட்டுவிட வேண்டாம்.

*டேங்க் நிறைந்திருந்தாலும் காலைத் தொல்லை தொடர்கிறது, குமிழும் இல்லை:* இப்போதுதான் பம்பைச் சந்தேகிக்கலாம். பம்புக்குள் டீசலைத் திரும்ப விடாமல் பிடிக்கும் வால்வில் தூசி சிக்கியிருக்கும் அல்லது அது தேய்ந்திருக்கும். சில மெக்கானிக்கல் பம்புகளில் வால்வைக் கழற்றிக் கழுவ முடியும். கழுவியும் மாறவில்லை என்றால் பம்பை மாற்றும் பகுதிக்குப் போகலாம். அதற்கு முன், இன்ஜின் குளிராக இருக்கும்போது மட்டும்தான் தொல்லையா என்று ஹீட்டர் பிளக்குகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி 2: சமதளத்தில் நன்றாக ஓடுகிறது, லோடுடன் மேட்டில் இழுவை இல்லை

தேனி சாலையில் உசிலம்பட்டியைத் தாண்டி ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது இது வெளிப்படும். காலி வண்டியில் தெரியாது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் வண்டி ஒரு கட்டத்துக்கு மேல் போகாமல் திணறும். காலைச் சற்றுத் தளர்த்தினால் கொஞ்சம் தேறும். காமன் ரயில் வண்டியாக இருந்தால் இன்ஜின் விளக்கும் எரியக்கூடும். தேவைப்படும் அளவு டீசல் வந்து சேரவில்லை என்பதே இதன் பொருள். ஏன் வரவில்லை என்பதற்குத்தான் பல காரணங்கள் உண்டு.

*கரும்புகை கக்கிக்கொண்டு இழுவை குறைந்தால்:* டீசல் போதவில்லை என்று இதைக் கொள்ள முடியாது. டீசல் இருக்கிறது, காற்று போதவில்லை அல்லது டீசல் சரியாகப் பீய்ச்சப்படவில்லை. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், நாசில் ஆகியவற்றைப் பாருங்கள். மேலூர்ப் பக்கம் குவாரித் தூசியில் ஓடும் வண்டிகளில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

*புகை இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால்:* டேங்க் மூடியிலிருந்து தொடங்குங்கள். மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டால், மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. அதற்குச் செலவு ஒரு மூடிதான்.

அடுத்து டீசல் ஃபில்டர். எப்போது மாற்றியது என்று நினைவில்லை என்றால் புதிதைப் போடுங்கள். கழற்றிய பழைய ஃபில்டரை அப்படியே குப்பையில் போடாமல், வாள் பிளேடால் தகரத்தை வெட்டி, உள்ளிருக்கும் தாள் மடிப்புகளை வெள்ளைத் துணியின் மேல் விரித்துப் பாருங்கள். பழுப்பு நிறத் தூசி என்றால் டேங்க் துரு அல்லது வெளியிலிருந்து வந்த மண். கருத்த கூழ் போல வழுவழுப்பாகப் படிந்திருந்தால், டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கி அதில் கிருமி வளர்ந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மூடி சரியாக அமராத வண்டிகளில் இதை அடிக்கடி காணலாம். வெயிலில் பிடித்தால் வெள்ளித் துகள்போல் மினுக்குகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது ஹை பிரஷர் பம்பு தன்னைத்தானே அரைத்துக்கொண்டிருப்பதன் அடையாளம். வண்டியை ஓட்டாமல், காமன் ரயில் சோதனை மேடை வைத்திருக்கும் பம்பு நாசில் கடைக்கு இழுத்துச் செல்ல வேண்டும். இந்த நிலையில் ஃபீட் பம்பை மட்டும் மாற்றுவது பணத்தை வீணாக்குவதோடு, இன்னும் கெடாமல் இருக்கும் நாசில்களுக்கும் அந்தத் துகளை அனுப்பிவைக்கும்.

ஃபில்டர் மாற்றியும் தீரவில்லை என்றால் கேன் சோதனை. ஐந்து லிட்டர் சுத்தமான கேனில் ஃபில்டர் செய்த டீசலை ஊற்றி, சைலன்சரிலிருந்து தள்ளி உறுதியாகக் கட்டிவைத்து, பம்புக்குள் போகும் ஹோஸை டேங்கிலிருந்து விடுவித்துக் கேனில் விடுங்கள். சில காமன் ரயில் வண்டிகளில் ரிட்டர்ன் டீசல் (எரியாமல் திரும்பிவரும் டீசல்) அதிகம். அது டேங்குக்கே போய்விடுவதால் கேன் எதிர்பார்ப்பதைவிட விரைவில் காலியாகும். ஆகவே நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பார்த்தால் போதும். சாலைக்குக் கொண்டுபோக வேண்டாம். டேங்குக்குள்ளேயே எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

கேனிலிருந்து இழுக்கும்போது இன்ஜின் தயக்கமின்றி மேலே ஏறினால், பம்பு நன்றாக இருக்கிறது. கோளாறு டேங்குக்கும் பம்புக்கும் இடையில். டேங்குக்குள் இருக்கும் சல்லடை அடைத்திருக்கலாம். பழைய ஹோஸின் உள்தோல் உரிந்து, வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நாக்குபோல் மடங்கிப் பாதையை மறிக்கலாம். இந்த இரண்டாவது காரணம் கண்ணுக்குப் படாததால் பலரையும் அலைக்கழிக்கிறது. சந்தேகம் இருந்தால் ஹோஸை மாற்றிவிடுவதே மேல். கேனிலிருந்தும் அதே திணறல் என்றால் பம்பைச் சோதிக்க வேண்டியதுதான்.

மெக்கானிக்கல் பம்பில், வெளியே தள்ளும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, இன்ஜின் பிடிக்காமல் இருக்க ஸ்டாப் சோலினாய்டு (இன்ஜினுக்குப் போகும் டீசலை நிறுத்தும் மின் வால்வு) ஒயரைக் கழற்றிவிட்டு, உதவிக்கு ஒருவரைப் பத்து வினாடிக்கு மிகாமல் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் அடிப்புக்கும் டீசல் வேகமாகத் துள்ளி விழ வேண்டும். வடிவதுபோல் ஒழுகினால் பம்பு தளர்ந்துவிட்டது. உள்ளிழுக்கும் முனையில் கட்டைவிரலை வைத்தால் தோலைப் பிடித்து இழுப்பது தெரிய வேண்டும். இழுப்பே இல்லை என்றால் டயாஃப்ரம் (டீசலை இழுத்துத் தள்ளும் சவ்வு) அல்லது வால்வு போயிருக்கிறது.

எலக்ட்ரிக் பம்பில், பம்பு ஓடும்போது அதன் இணைப்பிலேயே வோல்ட் மீட்டரை வைத்து அளக்க வேண்டும். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைவாகக் காட்டினால் முதலில் ஒயரிங்கைச் சரிசெய்யுங்கள். சேஸிஸில் துருப்பிடித்த எர்த் போல்ட்டைச் சுரண்டி இறுக்கியதும் உயிர்பெற்ற 'செத்த' பம்புகள் பல உண்டு. வோல்ட் சரியாக இருந்தும் டீசல் அழுத்தம் வண்டியின் கையேட்டில் உள்ள அளவை எட்டவில்லை என்றால் பம்பு மாற்றத்துக்குரியது.

அறிகுறி 3: சில கிலோமீட்டர் ஓடி அணைகிறது, சற்று நேரம் நின்றால் மறுபடி பிடிக்கிறது

*அணைந்ததும் டேங்க் மூடியைத் திறந்தால் உடனே சரியாகிறது:* மூடிதான் காரணம்.

*மூடியைத் திறந்தும் பயனில்லை, காத்திருந்தால் மட்டும் பிடிக்கிறது:* டேங்குக்குள் மிதக்கும் இலை, பாலித்தீன் துண்டு, துரு ஏடு போன்ற ஏதோ ஒன்று இழுகுழாயின் வாயில் ஒட்டிக்கொள்கிறது. இன்ஜின் நின்றதும் தானே விலகிவிடுகிறது. பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் வாங்கிய டீசலைப் பீப்பாயிலிருந்து திறந்த புனல் வழியே வண்டிக்கும் ஊற்றிக்கொள்ளும் வீடுகளில் இதை அதிகம் பார்க்கிறேன். டேங்கை இறக்கிக் கழுவுவதே இதற்கு முடிவான வழி.

*எலக்ட்ரிக் பம்ப் உள்ள வண்டி, சூடேறிய பிறகே அணைகிறது:* அணைந்த அந்த நொடியில் பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். சத்தம் இல்லை என்றால் ரிலேயைத் தொட்டுப் பாருங்கள். அதே எண்ணுள்ள வேறொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். ரிலே சரியாக இருந்து, ஸ்பேனர் கைப்பிடியால் பம்பின் உடலில் இலேசாகத் தட்டியதும் ஓடத் தொடங்கினால், உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அந்தத் தட்டு உங்களை வீடு சேர்க்கும். மறுநாள் லோடுக்கு அதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அறிகுறி 4: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் அறவே பிடிக்கவில்லை

டேங்கில் டீசல் இருக்கிறதா என்பதை முள்ளை நம்பாமல் குச்சியை விட்டுப் பாருங்கள். பிறகு ஃபியூஸ், ரிலே, ஸ்டாப் சோலினாய்டு. சாவியைத் திருப்பும்போது சோலினாய்டில் 'டிக்' என்று கேட்க வேண்டும்.

கை பம்பை அழுத்தும்போது கட்டைவிரலுக்கு என்ன தெரிகிறது என்பதே இங்கு நல்ல சோதனை. சில அழுத்தங்களில் குமிழ் விறைத்துக் கட்டியாகிவிட்டால் டீசல் வந்து நிற்கிறது. காரணம் பம்புக்கு அப்பால் இருக்கிறது. எத்தனை அழுத்தியும் பஞ்சுபோல் அமிழ்ந்துகொண்டே இருந்தால் காற்றை இழுக்கிறது. அறிகுறி 1-க்குப் போங்கள். டீசல் கட்டியாக நின்றும் காமன் ரயில் வண்டி பிடிக்கவில்லை என்றால், ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் கொடுத்து ரயில் அழுத்தத்தைப் படிக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஊகத்தில் உதிரி மாற்றுவது செலவைத்தான் ஏற்றும்.

அறிகுறி 5: இன்ஜின் ஆயிலின் அளவு ஏறியிருக்கிறது, ஆயிலில் டீசல் வாடை

இதைக் கண்டால் வண்டியை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தாலோ தண்டின் சீல் தேய்ந்தாலோ இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்புக்குள் டீசல் இறங்கும். ஆயில் நீர்த்துவிட்டால் பேரிங்குகள் தாங்காது. ஆயில் அளவு மிகவும் ஏறிவிட்டால், இன்ஜின் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு சாவியை அணைத்தும் நிற்காமல் வேகமெடுக்கும் அபாயமும் உண்டு. பம்பின் அடிப்பக்கத்துச் சிறு துளையில் டீசல் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் சந்தேகமே வேண்டாம், பம்பை மாற்றி, ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பம்பு காய்ந்திருந்தும் ஆயில் ஏறுகிறது என்றால் நாசிலோ இன்ஜெக்ஷன் பம்போ காரணமாக இருக்கலாம். அது வீட்டுக் கருவிகளோடு முடியும் வேலை அல்ல. பம்பு நாசில் கடைக்கே கொண்டுசெல்லுங்கள்.

பம்பை மாற்றுவது என்று முடிவானபின்

மாற்றும் வேலையைவிடச் சுற்றுப்புறச் சுத்தமே முக்கியம். பம்பைக் கழற்றுவதற்கு முன் அதைச் சுற்றியுள்ள இடத்தைப் பிரஷும் டீசலும் கொண்டு கழுவித் துடைத்துவிடுங்கள். கழற்றிய குழாய் வாய்களை உடனே சுத்தமான பிளாஸ்டிக்கால் மூடிக் கட்டுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். அருகில் பீடி, சிகரெட் எதுவும் வேண்டாம்.

மெக்கானிக்கல் பம்பில், இரண்டு போல்ட்டுகளையும் மாறி மாறித் தளர்த்துங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு அதிகமாக இருந்தால், பம்பை இயக்கும் கேமின் (இன்ஜினோடு சுழலும் மேடுள்ள சக்கரம்) மேடு பம்பின் நெம்பை அழுத்திக்கொண்டிருக்கிறது. இன்ஜினைக் கையால் சிறிது திருப்பினால் அது தளர்ந்துவிடும். பழைய பம்பின் அடியில் எத்தனை பேக்கிங், எந்தப் பருமனில் இருந்தன என்று பார்த்து, அதே பருமனுக்குப் புதியவை போடுங்கள். பருமன் கூடினால் பம்பின் அடிப்பு குறையும். குறைந்தால் நெம்பு உடையும். புதுப் பம்பைப் பழையதன் பக்கத்தில் வைத்து நெம்பின் நீளத்தையும் வளைவையும் ஒப்பிட்ட பிறகே ஏற்றுங்கள். உருவத்தில் ஒத்திருந்து நெம்பில் மாறுபடும் பம்புகள் கடைகளில் உண்டு.

சேஸிஸில் இருக்கும் எலக்ட்ரிக் பம்பில் அம்புக்குறி இன்ஜின் பக்கம் நோக்க வேண்டும். டேங்குக்குள் இருப்பதானால், டேங்கில் கால் பங்குக்கும் குறைவான டீசலே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, மேல்மண்ணைத் துடைத்துவிட்டு, பூட்டு வளையத்தைப் பித்தளைத் துண்டால் தட்டித் திருப்புங்கள். இரும்பால் தட்டினால் தீப்பொறி பறக்கும். ரப்பர் வளையம் புதிதாக இருக்க வேண்டும். மிதவைத் தண்டு பழைய திசையிலேயே அமர வேண்டும். டேங்கை இறக்காமல் பம்பை எடுக்க முடியாத வண்டியும், தூக்கும் வசதி இல்லாத இடமும் சேர்ந்தால் பட்டறைக்கு விட்டுவிடுவதே நல்லது. டீசல் இருக்கும் டேங்க் இருவர் கையிலும் நழுவும் எடை.

எல்லாம் பொருத்தியபின் ஏர் எடுக்க வேண்டும். முதலில் ஃபில்டர் தலையின் திருகைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வரும்வரை கை பம்பு அடித்து மூடுங்கள். பிறகு இன்ஜெக்ஷன் பம்பின் திருகில் அதையே செய்யுங்கள். மெக்கானிக்கல் இன்ஜெக்ஷன் பம்ப் கொண்ட பழைய வண்டியாக இருந்து, இன்னும் பிடிக்கவில்லை என்றால் மட்டும் நாசில் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்கலாம். காமன் ரயிலில் கை பம்பும், சாவியைச் சில முறை திருப்பி எலக்ட்ரிக் பம்பை ஓடவிடுவதும் மட்டுமே. காற்று போகாமல் செல்ஃபைத் தொடர்ந்து அடித்தால் ஹை பிரஷர் பம்பு டீசல் இல்லாமல் உலர்ந்து ஓடிக் கெடும்.

இன்ஜின் பிடித்ததும் கால் மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வோர் இணைப்பையும் காய்ந்த துணியால் துடைத்து ஈரம் பாருங்கள். மறுநாள் அதிகாலை, கை பம்பைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து பாருங்கள். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு கிளிப்புகளை மறுபடி இறுக்கி, ஆயில் அளவையும் பாருங்கள். புதிதாகப் போட்ட டீசல் ஃபில்டரை வழக்கமான கெடுவுக்குக் காத்திராமல் சில வாரங்களில் கழற்றி வெட்டிப் பார்த்து, மறுபடியும் பழுப்போ கூழோ படிந்திருந்தால் டேங்கை இறக்கிக் கழுவுங்கள். பழைய பம்பைத் தேயவைத்த அந்த அழுக்கு புதுப் பம்பையும் விடாது.